மூன்றாவது சிலிண்டர்

அக்டோபர் 4, சனி

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வாடகைக்கு ஆளேற்றி ஊர் திரும்பும்போது, டோலோன் கணவாய் ஏற்றத்தில் ஹீட்டரில் திடீரென்று குளிர்காற்று. பின்சீட்டில் இருந்த கணக்கு டீச்சர் காலைச் சுருட்டிக்கொண்டு, "ஏம்மா, எங்கள என்ன கறின்னு நெனச்சியா, இப்படி ஐஸ் பெட்டில வெச்சுக் கொண்டுபோற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் சூட்டு முள் அதே நேரத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் ஏன் குளிர வேண்டும்?

வீடு வந்து மூடியைத் திறந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

அட்டையில் ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் எங்கேதான் போகிறது? குடிக்கிறதா?

அக்டோபர் 7, செவ்வாய்

தெர்மோஸ்டாட்டை நானே மாற்றினேன். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். அத்தை ரொட்டி மாவு பிசையக்கூட என்னை விடவில்லை.

மூத்தார் வந்தார். என் கணவரின் அண்ணன். அவர் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. எழுதலாமா கூடாதா என்று யாரும் சொன்னதில்லை, ஆனாலும் கை வரவில்லை. பானெட் திறந்திருப்பதைப் பார்த்து, "என்னம்மா, மறுபடியும் வண்டியக் கெடுத்துட்டியா?" என்றார். "சுத்தம் பண்றேன் மாமா" என்றேன். மறுபடியும் என்றால் என்ன அர்த்தம்? முன்னே எப்போது கெடுத்தேன்? அவர் தம்பி ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாக இந்த வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். ஒரு சிராய்ப்பு உண்டா? வண்டி எப்போது நிற்கும், சாவியை எப்போது கேட்கலாம் என்று காத்திருக்கிறார். சாவி போனால் எனக்கு மாட்டுக்கொட்டகை, அடுப்பு, அத்தையின் முழங்கால் தைலம். மாட்டேன்.

அக்டோபர் 8, புதன்

கோளாறு தெர்மோஸ்டாட்டில் இல்லை. இன்றும் தண்ணீர் குறைந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

வழக்கம்போல அத்தை தர்கா ஊற்றிலிருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் மகன் ஓட்டிய காலத்திலிருந்தே இது நடக்கிறது. ரேடியேட்டரில் அந்தத் தண்ணீர் விழாமல் வண்டி ஊர் எல்லை தாண்டக் கூடாது. கண் வலிக்கும் வயிற்று வலிக்கும் அதைத்தான் குடிக்கிறோம், வண்டிக்கும் அதுதான். "ஊத்தும்மா, கணவாய்ல ஒண்ணும் ஆகாது" என்றார். ஊற்றினேன். இப்போதெல்லாம் முழுக் கேனும் உள்ளே போகிறது. அத்தைக்கு அதில் ஒரே சந்தோஷம்.

ரஷ்யாவிலிருந்து கணவர் போனில் பேசினார். வண்டி எப்படி என்று கேட்டார். குதிரை மாதிரி ஓடுகிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 14, செவ்வாய்

முன்சீட்டில் வந்த பையன், "அக்கா, யாரு மிட்டாய் சாப்பிடறது?" என்றான். எனக்கும் அந்த வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. வழியில் கோச்கோரில் டீக்கு நிறுத்தியபோது வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். சைலன்சரில் வெள்ளைப் புகை. குளிரில் எல்லா வண்டியும் புகையும். ஆனால் பக்கத்து வண்டிகளின் புகை உடனே கலைந்து போனது, என்னுடையது தரையோடு தொங்கிக்கொண்டு நின்றது. இனிப்பாக நாறியது. தண்ணீர் உறையாமலிருக்கக் கலக்கிற கூலன்ட் எரிகிற வாசனை.

அதை எரிக்கிறது என்றால் அது சிலிண்டருக்குள் போகிறது. சிலிண்டருக்குள் போக ஒரே வழிதான் இருக்கிறது. அந்த வார்த்தையை இன்றைக்கு எழுத மாட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். காலையில், இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த பிறகு, ரேடியேட்டர் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். தொளதொளவென்று இருக்க வேண்டியது கல்லாக விறைத்துக் கிடந்தது. மூடியைத் திறந்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வாயருகே குமிழ், குமிழாக. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தக் கொதிக்கிற சூப் போல. நாலு பிளக்கையும் கழற்றினேன். மூன்று கறுப்பு. மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் பளபளவென்று, யாரோ கழுவி வைத்த மாதிரி.

ஹெட் கேஸ்கெட். மேலே ஹெட், கீழே பிளாக், நடுவில் அந்த மெல்லிய தகடு. தண்ணீர், எண்ணெய், நெருப்பு மூன்றையும் தனித்தனியாக வைத்திருப்பது அதுதான். அது போய்விட்டது. நானாகச் சரி செய்கிற வேலை இல்லை. ஊரில் யாரிடம் சொன்னாலும் மாலைக்குள் மூத்தார் காதுக்குப் போய்விடும்.

அக்டோபர் 20, திங்கள்

ஜலதோஷம் என்று சொல்லி வண்டியை எடுக்கவில்லை. அத்தை கொழுப்பு போட்டுக் காய்ச்சிய பாலைக் கொடுக்கிறார். குடிக்கிறேன். ஜன்னலிலிருந்து வண்டியைப் பார்க்கிறேன். இருப்புக்கொள்ளவில்லை.

அக்டோபர் 23, வியாழன், விடியும் முன்

பக்கத்து வீட்டு அசனாகுன் பெரியவர் நேற்று ராத்திரி போய்விட்டார். மூத்தார் கதவைத் தட்டினார். பெரியவரின் கடைசி மகன் எர்மெக் பிஷ்கெக்கில் மெக்கானிக். எங்கள் வழக்கப்படி வீடு கடைசி மகனுக்குத்தான், குழிக்குள் இறங்கி அப்பாவைக் கிடத்த வேண்டியவனும் அவன்தான். நாளை மதியம் அடக்கம். மற்ற வண்டிகளெல்லாம் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றன. சும்மா நிற்பது என் வண்டி ஒன்றுதான்.

"நீ போய்க் கூட்டிட்டு வா. குளிர்காலத்துக்குக் குதிரை வெட்டறோம், அப்பா உன்னக் கறிக்கு வரச் சொன்னாருன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

வழியில் இருப்பவனிடம் சாவைச் சொல்லக் கூடாது. வீட்டு வாசலில், பெரியவர்கள் சூழ்ந்து, விழுந்தால் தாங்கக் கைகள் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும். கூட்டி வருகிறவர் வாயைத் திறந்துவிட்டால் ஆயுளுக்கும் அந்தப் பேச்சு போகாது.

வண்டி சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சாவுக்குக் கூப்பிடும்போது வண்டி சரியில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம்பினால் அதைவிட மோசம். "சரி மாமா" என்றேன். ஆறு கேன் தண்ணீர் ஏற்றியிருக்கிறேன். கிளம்புகிறேன்.

அக்டோபர் 25, சனி

அடக்கம் முடிந்தது. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

போகும்போது ஒவ்வொரு ஓடையிலும் நிறுத்தித் தண்ணீர் நிரப்பினேன். பிஷ்கெக்கில் எர்மெக்கின் பட்டறை வாசலில் போய் நின்றபோது காலை மணி பத்தைத் தாண்டிவிட்டது. ஒரு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "அட, அண்ணியா? என்ன, அண்ணன் ரஷ்யாவுல வேற யாரையாவது புடிச்சுட்டாரா, என்னத் தேடி வந்துட்டீங்க?" என்றான். எப்போதும் இப்படித்தான். வேறு நாளாக இருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"குதிரை வெட்டறாங்க. அப்பா உன்ன வரச் சொன்னார்."

"இவ்வளவு சீக்கிரமாவா? குளிர்காலம் இன்னும் வரலையே. சரி, கை கழுவிட்டு வரேன்." அவ்வளவுதான் சொன்னான். கை கழுவ வெகு நேரம் ஆயிற்று. நான் இன்ஜினை அணைக்கவும் பயந்து, ஓட விடவும் பயந்து உட்கார்ந்திருந்தேன். அவன் வண்டிக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து ஏறினான். புகையைப் பார்த்திருப்பான். ஒன்றும் கேட்கவில்லை.

வழியெல்லாம் பேச்சு. அவனிடம் வேலை கற்கிற பயலைப் பற்றி, முதலாளியின் மாமியாரைப் பற்றி. கோச்கோர் வந்ததும், "அண்ணி, சம்சா சாப்பிட்டுட்டுப் போலாம், பசிக்குது" என்றான். கணவாயை இருட்டும் முன் தாண்ட வேண்டும். அவசரம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். கறி தின்னப் போகிறவனுக்கு என்ன அவசரம்? உட்கார்ந்தேன். இரண்டு சம்சாவை மெதுவாக மென்று தின்றான். நான் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போய்ச் சேர்ந்தது தெரியாமல் தின்கிறவனைப் பார்ப்பது இருக்கிறதே, அதை விரோதிக்கும் விதிக்கக் கூடாது.

டோலோன் ஏற்றத்தில் பாதி தூரம் போகவில்லை, முள் சிவப்பைத் தொட்டது. ஹீட்டரில் பனிக்காற்று. பானெட் ஓரத்தில் ஆவி. நிறுத்தினேன். கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எர்மெக் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"கொதிக்கிற இன்ஜின்ல பச்சத் தண்ணி ஊத்தினா ஹெட் வெடிச்சுரும். ஆறட்டும்."

"நேரமில்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பானெட்டைத் திறந்து, குனிந்து காது கொடுத்துக் கேட்டு, "மூணாவது" என்றான். அந்தச் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றினான். ஆறும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, ரேடியேட்டர் மூடியை முழுக்க இறுக்காமல் ஒரு திருகு தளர விட்டான். "அழுத்தம் ஏறாது. ஹீட்டர முழுசாத் திறந்துடுங்க, ரெண்டாவது கியர், மூச்சு வாங்க விட்டு ஓட்டுங்க." மூன்று சிலிண்டரில் வண்டி நொண்டிக்கொண்டே ஏறியது. நான் ஓட்டினேன், அவன் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். உச்சிக்குப் போகும்வரை ஒரு வேடிக்கைப் பேச்சு இல்லை. ஏன் இவ்வளவு அவசரம் என்றும் கேட்கவில்லை.

ஊர் வந்தபோது வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. அவன் வீட்டு வாசலில் சவத்துக்கான கம்பளிக் கூடாரம் நின்றது. கூடாரத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் மூத்தாரும் மற்றப் பெரியவர்களும் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எர்மெக், மனச உறுதியாக்கிக்க. உங்கப்பா நம்மள விட்டுப் போயிட்டார்" என்று முறைப்படி சொன்னார்கள். ஆண்கள் அலறுகிறபடி அலறினான். துக்க வழக்கப்படி இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக் கோலை ஊன்றிக் கூடாரத்து வாசலில் நின்றான். எல்லாரும் நன்றாக அழுதான் என்றார்கள்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்துகிறது. அவன் குரல் தயாராக இருந்தது. அந்தச் செய்தியைக் கேட்டுத் திடுக்கிட ஒரு நொடியாவது ஆக வேண்டும். ஆகவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான்தான் காட்டிக்கொடுத்தேன். 'நேரமில்ல' என்று கத்தினேனே. அந்த மலைமேல், தாங்க ஒரு கை இல்லாத இடத்தில், ஒரு பொம்பளையின் பதற்றத்திலிருந்து அவன் அதைத் தெரிந்துகொண்டான் என்றால்?

இன்று துக்க வீட்டில் பாத்திரம் கழுவப் போனேன். அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மருமக ஒத்த வார்த்த பேசாம கொண்டாந்து சேத்தா." சட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

நவம்பர் 1, சனி

ஏழாம் நாள் சடங்கு முடிந்து, காலையில் எர்மெக் எங்கள் முற்றத்துக்கு வந்தான். கறுப்புத் தொப்பி. கையில் ஸ்பானர் பை. "அண்ணி, வீட்டுல இருந்தா ஆளாளுக்கு வந்து கட்டிப்புடிச்சு அழறாங்க. எனக்கு ஏதாவது கழட்டணும்" என்றான்.

கழற்றினோம். கார்பரேட்டர், குழாய்கள், பெல்ட், கடைசியில் ஹெட் போல்ட்டுகள். ஹெட்டை இரண்டு பேரும் தூக்கிப் பலகையில் வைத்தோம். கேஸ்கெட் மூன்றாவது சிலிண்டரை ஒட்டி அரித்துப்போயிருந்தது. தண்ணீர் துவாரத்தைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, டீ கெட்டிலுக்குள் படிகிற மாதிரி கெட்டியாக. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "என்ன தண்ணி ஊத்தறீங்க?" என்றான். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தர்கா இருக்கும் மலைப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. செத்த வீட்டுக்காரன் சிரிக்கக் கூடாது என்று இருமினான்.

"அவ்வளவு உப்பு. வயித்துக்கு நல்லது. அலுமினியத்துக்கு எமன்."

அத்தையிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 2, ஞாயிறு

மூத்தார் வந்தார். ஹெட் இல்லாத இன்ஜினைக் குனிந்து பார்த்தார்.

எர்மெக் முந்திக்கொண்டான்: "நாந்தாண்ணே. வரும்போது நான் ஓட்டினேன், சூடாக்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. எனக்காக ஒருத்தன் பொய் சொல்ல வேண்டுமா? "இல்ல மாமா. ஒரு மாசமாவே போயிருந்துது. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா போன?"

"சாவுக்குக் கூப்பிட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது? சொல்லியிருந்தா சாவியக் கேட்டிருப்பீங்க."

அவர் முகம் சிவந்தது. என்னவோ சொல்ல வந்து, எர்மெக்கின் கறுப்புத் தொப்பியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போய்விட்டார். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கு வருவாராக இருக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

மூத்தார் வரவில்லை. அவர் மகள் வந்தாள், போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் அப்பாவின் டார்க் ரென்ச்சைத் தூக்கிக்கொண்டு. யாருக்கும் இரவல் தராத பொருள். "எண்ணெய் தடவாமத் திருப்பிக் குடுத்தா பேசவே மாட்டேன்னு சொல்லச் சொன்னாரு." இதற்கு என்ன அர்த்தம் என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். அர்த்தம் நல்லதாகத்தான் இருக்க வேண்டும்.

நாரின் நகர லேத் பட்டறையில் ஹெட்டைத் தேய்த்து மட்டமாக்கியாயிற்று. புதுக் கேஸ்கெட் பிஷ்கெக்கிலிருந்து வேன்காரர் கையில் வருகிறது.

நவம்பர் 6, வியாழன்

அத்தை கேனுடன் வந்தார். வாங்கிக்கொண்டேன். வண்டியின் முன்கண்ணாடி கழுவும் தொட்டியில் ஊற்றினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அதுவும் வண்டிதானே" என்றார். எல்லாம் தெரிந்திருக்கிறது இந்த அம்மாவுக்கு.

நவம்பர் 8, சனி

பழைய தகட்டின் ஒட்டுகளைச் சுரண்டி, துடைத்து, புதுசை வைத்து ஹெட்டை இறக்கினோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும்; ஒரே மூச்சில் அல்ல, கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். எர்மெக் சொல்ல, நான் ரென்ச்சைப் பிடித்தேன். கேட்கவே கூடாது என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டேன்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது? நான் நேரமில்லன்னு கத்தினப்பவா?"

"அடுத்த போல்ட், அண்ணி."

இறுக்கினேன்.

"பட்டறை வாசல்ல நீங்க வந்து நின்னப்பவே. நாலு சீட்டும் காலி. பின்னால வெள்ளப் புகை, இன்ஜின் தண்ணி குடிச்சுட்டு இருக்கு. இந்த நெலமைல இருக்கற வண்டிய எடுத்துட்டு, ஆளில்லாம, கறி தின்ன வான்னு கூப்பிட யாராவது டோலோனத் தாண்டி வருவாங்களா? அப்பாவா அம்மாவான்னு மட்டுந்தான் தெரியல. நீங்க அப்பா கூப்பிட்டாருன்னு சொன்னப்ப உங்க குரல் ஒடஞ்சுது. கை கழுவப் போனேன்."

என் கை ரென்ச்சிலேயே நின்றுவிட்டது.

"அப்ப எதுக்குடா வழியெல்லாம் அப்படிப் பேசின? சம்சா வேற தின்ன?"

"நான் கேட்டிருந்தா நீங்க பொய் சொல்லணும், இல்லாட்டி வாயத் திறந்துட்டேன்னு காலம்பூரா உங்களக் குத்துவாங்க. நீங்க சொல்லக் கூடாதுன்னு அவ்வளவு பாடுபட்டீங்க. அந்தச் சம்சா தொண்டைல எறங்கவே இல்ல அண்ணி. நீங்க பாத்துட்டே இருந்தீங்களேன்னு முழுங்கினேன். அடுத்த போல்ட்."

மீதி போல்ட்டுகளை இறுக்கினேன். கண் மறைத்தது; ரென்ச்சின் அளவைச் சரியாகப் படித்தேனா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. சாயங்காலம் கிளப்பினோம். முதலில் உள்ளே தேங்கியதெல்லாம் புகைந்தது. பிறகு சைலன்சரில் எதுவுமே தெரியவில்லை. ரேடியேட்டர் வாயில் ஒரு குமிழ்கூட இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

எர்மெக்கைத் திரும்ப பிஷ்கெக்கில் விட்டுவிட்டு வந்தேன். புதுக் கேஸ்கெட்டுக்குச் சோதனை ஓட்டம் என்பதால் வேறு யாரையும் ஏற்றவில்லை. மூத்தார் வாசலில் நின்று டயர்களை உதைத்துப் பார்த்துவிட்டு, "மெதுவாப் போ" என்றார்.

டோலோன் உச்சியில் எர்மெக், "நிறுத்துங்க அண்ணி, சூடு பாத்துடறேன்" என்றான். முள் சரியாக நடுவில்தான் நின்றது, அவனுக்கும் தெரிந்தது. நிறுத்தினேன். இறங்கிப் பானெட்டைத் தூக்கி அதற்குப் பின்னால் நின்றுகொண்டான். கண்ணாடி வழியாகப் பானெட்தான் தெரிந்தது; அதன் கீழ் இடுக்கில் அவன் கோட்டின் ஓரமும் இரண்டு கைகளும். எதையும் தொடாமல் கைகள் சும்மா விளிம்பைப் பிடித்திருந்தன. பிறகு கோட் குலுங்க ஆரம்பித்தது.

கூடாரத்து வாசலில் அழுதது ஊருக்கு. இது அப்படி இல்லை. இறங்கிப் போகலாமா என்று கதவில் கை வைத்தேன். போகவில்லை. ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினேன், இன்ஜின் சத்தம் கொஞ்சம் உயரட்டும் என்று.

பின்னால் வந்த லாரிக்காரர் வேகம் குறைத்துத் தலையை நீட்டினார். "என்ன தங்கச்சி, வண்டி நின்னுடுச்சா? தண்ணி ஏதும் வேணுமா?"

"இல்லண்ணே, வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க போங்க."

அவர் போனார். நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.